எல்லா மெயிலும் குப்பைன்னு சொன்ன பட்டியல்

2008 மார்ச் கடைசி வாரம். அப்போ நான் ஒரு நடுத்தர மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பதுகளில் இருந்த ஓர் அம்மாவுக்கு மார்பில் கட்டி. பயாப்ஸி எடுத்து வெளியூர் லேபுக்கு அனுப்பியாச்சு. சாதாரணக் கட்டியா, கேன்சரா என்ற பதில் மெயிலில் வரவேண்டும். வரவில்லை.

லேபுக்கு போன் போட்டேன். "நேத்தே அனுப்பிட்டோமே டாக்டர். மெயில் திரும்பி வந்துடுச்சு. நாங்க ஸ்பேம் அனுப்புறவங்கன்னு உங்க சர்வர் சொல்லுது" என்றார்கள். கொஞ்சம் கோபமாகத்தான் சொன்னார்கள். நியாயம்தானே?

எங்க ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் எல்லாம் பார்த்துக்கிட்ட ஒரு தம்பி இருந்தான். தோண்டிப் பார்த்தான். அந்த லேப் மட்டும் இல்ல, யார் அனுப்பினாலும் எங்க சர்வர் கதவைச் சாத்திக்கொண்டிருந்தது. பழைய ஆட்கள், புது ஆட்கள், மருந்துக் கம்பெனி, பல்கலைக்கழகம், எல்லாரும் ஸ்பேமர். ஏன் என்று புரிந்துகொள்ள அவனுக்கு ஒரு ராத்திரி ஆச்சு. எனக்குப் பல வருஷம் ஆச்சு. அந்தக் கதைதான் இந்த த்ரெட். நீளம். டீ போட்டுட்டு வந்து படிங்க.

முதலில் ஒரு சின்ன விளக்கம். உங்களுக்கு யாராவது மெயில் அனுப்பினால், அவர்களுடைய சர்வர் உங்கள் சர்வரின் கதவைத் தட்டும். தட்டுகிறவரின் ஐபி எண் உங்கள் சர்வருக்குத் தெரியும். உடனே அது, "இந்த எண்ணைப் பத்தி உனக்கு ஏதாச்சும் தெரியுமா?" என்று வெளியே இருக்கும் ஒரு பொதுப் பட்டியலைக் கேட்கும். அந்தப் பட்டியலில் எண் இருந்தால் கதவு திறக்காது. மெயிலின் உள்ளடக்கத்தை வாங்கிப் படிக்கவேண்டிய தேவையே இல்லை. வாசலிலேயே வேலை முடிந்தது.

இதுதான் தடைப்பட்டியல். ஒருத்தர் கண்டுபிடித்த திருடனை ஊரே தெரிந்துகொள்ளும் ஏற்பாடு. அப்பார்ட்மென்ட் வாட்ச்மேன்கள் எல்லாரும் ஒரே நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்வதுபோல.

இந்த நோட்டு ஏன் தேவைப்பட்டது? அதற்குக் கொஞ்சம் பின்னாடி போகணும்.

வேண்டாத மெயிலை ஆரம்பத்திலேயே நிறுத்த ஒரு வழி வேண்டும் என்று ஜான் போஸ்டல் 1975லேயே குறிப்பு எழுதிவிட்டார். இணையத்தின் அப்பாக்களில் ஒருவர். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1978 மே மாதம் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியின் விற்பனைப் பிரிவில் இருந்த கேரி துர்க், தங்கள் புது மெஷினைப் பார்க்க வாருங்கள் என்று அர்பாநெட்டில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே மெயிலை அனுப்பினார். திட்டு வாங்கினார். வியாபாரமும் நடந்தது என்று அவரே பின்னாளில் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். முதல் ஸ்பேம் இதுதான் என்று சொல்வார்கள். அந்தப் பெயர் மட்டும் பிறகு வந்தது.

1982ல் மெயில் அனுப்பும் விதிமுறையை அதே போஸ்டல் எழுதினார். அதில் ஒரு நல்ல மனசு இருந்தது. யார் வந்து எந்த மெயிலைக் கொடுத்தாலும் வாங்கி, போகவேண்டிய திசையில் அடுத்த சர்வருக்குத் தள்ளிவிடலாம். நம்ம ஊரில் பஸ் கண்டக்டரிடம் கவரைக் கொடுத்து, "சார், அங்க ஸ்டாண்டுல எங்க மாமா வந்து வாங்கிப்பார்" என்போமே, அதே மாதிரி. இணைப்புகள் அடிக்கடி அறுந்துபோன காலத்தில் அது பெரிய உதவி. இப்படி யார் வீட்டு மெயிலையும் சுமக்கும் சர்வருக்கு ஓப்பன் ரிலே என்று பெயர்.

எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த ஊரில் இது சரி. 1990களில் ஊர் நகரமாகி, நகரம் உலகமாகிவிட்டது. 1994 ஏப்ரலில் அரிசோனாவைச் சேர்ந்த கேன்டர், சீகல் என்ற வக்கீல் தம்பதி, அமெரிக்க கிரீன் கார்டு லாட்டரிக்கு விண்ணப்பிக்க உதவுகிறோம் என்ற விளம்பரத்தை யூஸ்நெட்டின் ஆயிரக்கணக்கான விவாதக் குழுக்களில் கொட்டினார்கள். மன்னிப்புக் கேட்கவில்லை. இதை எப்படிச் செய்வது என்று புத்தகமே எழுதினார்கள்! பிறகு சைபர் புரமோஷன்ஸ் மாதிரி கம்பெனிகள் வந்தன. மெயில் அனுப்புவது எங்கள் கருத்துச் சுதந்திரம் என்று ஏஓஎல் நிறுவனத்துடன் நீதிமன்றத்தில் மோதி 1996ல் தோற்றன. தோற்றாலும் மெயில் நிற்கவில்லை.

ஏன் நிற்கவில்லை என்றால் கணக்கு அப்படி. தபாலில் விளம்பரம் அனுப்பினால் ஸ்டாம்ப் செலவு அனுப்புகிறவருக்கு. மெயிலில் செலவு வாங்குகிறவருக்கு. அன்றைக்கு மோடத்தில் நிமிஷத்துக்குக் காசு கட்டி மெயில் இறக்கியவர்களுக்கு அது எரிச்சலாக இருந்திருக்கும் பாருங்க. ஸ்பேமர் ஓர் ஓப்பன் ரிலேயிடம் ஒரே ஒரு மெயிலையும் பத்தாயிரம் முகவரிகளையும் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். பாரம் சுமப்பது கண்டக்டர்.

இந்த இடத்தில் பால் விக்ஸி வருகிறார். இணையத்தின் டெலிபோன் டைரக்டரி மாதிரி டிஎன்எஸ் என்று ஒன்று இருக்கிறது. பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தரும். அதற்கான பைண்ட் மென்பொருளைப் பல வருஷம் பராமரித்தவர் அவர். ஸ்பேமை எதிர்க்க மேப்ஸ் என்ற அமைப்பை டேவ் ராண்டுடன் சேர்ந்து நடத்தினார். ஆங்கிலத்தில் மேப்ஸ் என்று எழுதி எழுத்துகளைத் திருப்பிப் படித்தால் ஸ்பேம் வரும். இன்ஜினியர் நகைச்சுவை!

1997ல் அவர் ஆரம்பித்த ஆர்பிஎல் பட்டியல் முதலில் மிகக் கடுமையானது. அதில் ஓர் எண் சேர்ந்தால், பட்டியலை ஏற்றுக்கொண்ட நெட்வொர்க்குகள் அந்த எண்ணுக்கான பாதையையே மூடிவிடும். மெயில் மட்டுமில்லை, வெப்சைட், எதுவும் போகாது, வராது. கருந்துளையில் விழுந்த மாதிரி. பெயரிலேயே பிளாக்ஹோல் உண்டு. பிறகு எரிக் ஸீகாஸ்ட் அதையே டிஎன்எஸ் வழியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி மாற்றினார். இப்போது மெயிலை மட்டும் தடுக்கலாம்.

அந்த யோசனை எவ்வளவு எளிமை தெரியுமா? 192.0.2.99 என்ற எண் கதவைத் தட்டினால், அதைத் திருப்பிப் போட்டு 99.2.0.192 என்று ஆக்கி, பின்னால் பட்டியலின் பெயரை ஒட்டி, "இப்படி ஒரு முகவரி இருக்கா?" என்று டிஎன்எஸ்ஸிடம் கேட்கவேண்டியது. இல்லை என்றால் நல்லவர். 127.0.0.2 என்று பதில் வந்தால் மாட்டினார். புது மெஷின் வேண்டாம், புது விதிமுறை வேண்டாம். ஏற்கனவே உலகம் பூரா ஓடிக்கொண்டிருக்கிற டைரக்டரியில் இன்னொரு பக்கம், அவ்வளவுதான். கேள்வியும் பதிலும் கண்ணிமைக்கும் நேரம். இந்த எண்ணை நினைவில் வச்சுக்கோங்க: 127.0.0.2. கடைசியில் தேவைப்படும்.

"நாங்க யாரையும் தடுக்கலை. எங்க கருத்தை வெளியிடுறோம். கேட்கிறதும் கேட்காததும் உங்க இஷ்டம்." பட்டியல்காரர்களின் வாதம் இன்றுவரை இதுதான். சட்டப்படி வலுவான வாதம். ஆனா ஒரு டாக்டரா எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு. "நான் கருத்துதான் சொன்னேன், ஆபரேஷன் பண்ணது சர்ஜன்" என்று ஒரு பெத்தாலஜிஸ்ட் சொல்ல முடியுமா? ரிப்போர்ட்டை நம்பித்தானே கத்தி எடுக்கிறோம்.

அந்த நெருடல் 2000லேயே வெடித்தது. மீடியா3 என்ற ஹோஸ்டிங் கம்பெனியின் சில வாடிக்கையாளர்கள் ஸ்பேமர்களுக்குத் தேவையான சாமான்களை விற்றார்கள். வெளியே அனுப்ப மீடியா3 மறுத்தது. மேப்ஸ் அந்தக் கம்பெனியின் எண் வரிசைகளைப் பட்டியலில் போட்டது. அதே வரிசையில் குடியிருந்த ஓர் அப்பாவி யார் தெரியுமா? இணையத் தணிக்கையை எதிர்ப்பதற்கென்றே நடந்த பீஸ்ஃபயர் என்ற அமைப்பு! கருந்துளை வடிவத்தைப் பயன்படுத்திய நெட்வொர்க்குகளில் அவர்கள் தளமே தெரியவில்லை. ஸ்பேம் ஒன்றுகூட அனுப்பாதவர்கள்.

வழக்குகள் வரிசை கட்டின. 2001ல் மேப்ஸ் தன் பட்டியலைக் காசு கட்டினால்தான் என்று மாற்றியது. சில வருஷம் கழித்து ட்ரெண்ட் மைக்ரோ கைக்குப் போனது. அதே 2001ல் நியூசிலாந்திலிருந்து நடந்த ஆர்ப்ஸ் என்ற பட்டியல், நீதிமன்ற வழக்குகளுக்குப் பிறகு மூடப்பட்டது. ஆர்ப்ஸ், ஓப்பன் ரிலேக்களைத் தானே தேடிப் போய்ச் சோதிக்கும். தெருவில் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தள்ளிப் பார்த்து, தாழ்ப்பாள் போடாத வீடுகளின் பட்டியலை ஊருக்குச் சொல்கிற ஆள் மாதிரி. நல்ல நோக்கம்தான். ஆனா யாரைக் கேட்டுத் தள்ளினே?

அடுத்து ஸ்பியூஸ். 2001லிருந்து சில வருஷம் ஓடியது. இதை நடத்தியவர்கள் யார் என்றே வெளியே தெரியாது. போன் கிடையாது, மெயில் கிடையாது, முகவரி கிடையாது. தப்பாகச் சேர்த்துவிட்டார்கள் என்றால் பொது விவாதக் குழுவில் போய்ப் புலம்பலாம், அவர்கள் படிக்கக்கூடும். முதலில் ஸ்பேமரின் எண்ணைச் சேர்ப்பார்கள். அந்த இணைய நிறுவனம் ஸ்பேமரை வெளியேற்றாவிட்டால் பக்கத்து எண்களையும் சேர்ப்பார்கள். அப்புறம் இன்னும் அகலமாக.

2020ல் ஒரு வீட்டில் கொரோனா என்றால் தெருவையே தகரம் வைத்து அடைத்தோமே, ஞாபகம் இருக்கா? பார்க்க அதே மாதிரி இருக்கும். ஆனா அங்கே பக்கத்து வீட்டுக்காரருக்கு நோய் வரக்கூடாது என்பது காரணம். ஸ்பியூஸில் பக்கத்து வீட்டுக்காரர் கஷ்டப்படவேண்டும் என்பதே திட்டம். அவர் போய் வீட்டு ஓனரிடம் சண்டை போடுவார், ஓனர் ஸ்பேமரைக் காலி பண்ணுவார் என்ற கணக்கு. பல இடங்களில் அது பலித்ததும் உண்மை. எனக்கு அந்த முறை பிடிக்கவில்லை. அன்றைக்கு சர்வர் நடத்தி, தினமும் குப்பையில் மூழ்கிக்கொண்டிருந்தால் நானும் அதைப் பயன்படுத்தியிருப்பேனோ என்னவோ.

ஸ்பேமர்களும் சும்மா இருக்கவில்லை. 2003ல் வைரஸ் தாக்கிய வீட்டுக் கம்ப்யூட்டர்களைக் கூட்டமாகத் திரட்டி, பட்டியல் சர்வர்கள் மீது டிடாஸ் தாக்குதல் நடத்தினார்கள். ஒரே நேரத்தில் லட்சம் பேர் கதவைத் தட்டினால் வீட்டுக்காரர் என்ன செய்வார்? ஒசிருசாஃப்ட் என்ற பட்டியல் தாக்குப் பிடிக்க முடியாமல் அந்த ஆகஸ்டில் மூடியது. மூடிய விதம்தான் விஷயம். போகும்போது உலகத்தில் இருக்கும் எல்லா எண்களையும் ஸ்பேமர் என்று அறிவித்துவிட்டுப் போனது.

பைத்தியக்காரத்தனம் மாதிரி தெரியுது இல்லையா? அவர்கள் பக்கம் நின்று பாருங்க. பட்டியலை மூடிவிட்டோம் என்று அறிவித்தாலும் உலகம் முழுக்க சர்வர்கள் கேட்டுக்கொண்டே இருக்கும். செட் பண்ணினவர் வேலையை விட்டுப் போயிருப்பார். புதிதாக வந்தவருக்கு அப்படி ஒரு வரி இருப்பதே தெரியாது. செத்துப்போன டாக்டரின் போனுக்குத் தினமும் கால் வருவதுபோல. பதில் சொல்லாமல் இருந்தால் யாரும் கவனிக்கமாட்டார்கள். வலித்தால்தான் கவனிப்பார்கள்.

இப்போ எங்க ஆஸ்பத்திரிக்குத் திரும்புவோம். ஓப்பன் ரிலேக்களைப் பட்டியலிட்ட ஓஆர்டிபி என்ற தன்னார்வலர் திட்டம் 2006 டிசம்பரில் கடையைக் கட்டியது. அதற்குள் பெரும்பாலானவர்கள் கதவைப் பூட்டக் கற்றிருந்தார்கள், ஸ்பேமர்களும் வைரஸ் கம்ப்யூட்டர்களுக்கு மாறியிருந்தார்கள். பட்டியலுக்கு வேலை இல்லை. இனி எங்களைக் கேட்காதீர்கள் என்று முறையாக அறிவித்தார்கள். 15 மாசம் பொறுத்தார்கள். 2008 மார்ச் 25ஆம் தேதியிலிருந்து, எந்த எண்ணைக் கேட்டாலும் "ஸ்பேமர்" என்று பதில் தர ஆரம்பித்தார்கள்.

எங்க சர்வரில் அந்த வரி இருந்தது. யார் எப்போது எழுதினார்கள் என்று யாருக்கும் தெரியாது. தம்பி அதை அழித்தான், மெயில் கொட்ட ஆரம்பித்தது. அதற்கு முந்தின ராத்திரியே லேப்காரர்கள் ரிப்போர்ட்டை ஃபேக்ஸில் அனுப்பிவிட்டார்கள். ஃபைப்ரோஅடினோமா. புற்றுநோய் இல்லை. அந்த அம்மாவிடம் சொன்னபோது அழுதார்கள். ஒரு நாள் முன்னாடியே அழுதிருக்கலாம்.

அப்போ ஓஆர்டிபி மேல் எனக்கு அவ்வளவு கோபம். இப்போ இல்லை. இலவசமாகச் செய்த சேவையை முறையாக முடித்து, ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தவர்கள் அவர்கள். நோயாளியின் ரிப்போர்ட் வருகிற வழியில் என்னென்ன நிற்கிறது என்று பார்க்காமல் இருந்தது நாங்கள்.

இன்னொன்றும் சொல்லணும். அந்த மெயில் திரும்பிப் போனதால்தான் லேபுக்கு விஷயம் தெரிந்தது. பட்டியலைப் பார்த்து வாசலிலேயே மறுத்தால் அனுப்பினவருக்குத் தகவல் போகும். ஸ்பேம் ஃபோல்டருக்குள் சத்தமில்லாமல் போட்டிருந்தால்? அவர்கள் அனுப்பிவிட்டோம் என்று இருப்பார்கள், நான் வரவில்லை என்று இருப்பேன். எந்த டெஸ்டிலும் ஃபால்ஸ் பாசிட்டிவ் வரும். அது தப்பு என்று யாருக்காவது தெரியவருகிறதா என்பதுதான் என் கேள்வி. அந்த வகையில் பழைய கரடுமுரடான முறை மேல்.

நிலைத்து நின்ற பட்டியல் ஸ்பாம்ஹாஸ். 1998ல் லண்டனில் ஸ்டீவ் லின்ஃபோர்ட் தொடங்கியது. அதன் மேல் இல்லினாயில் e360 என்ற மார்க்கெட்டிங் கம்பெனி வழக்குப் போட்டது. அமெரிக்க நீதிமன்றத்துக்கு எங்கள் மேல் அதிகாரம் இல்லை என்று ஸ்பாம்ஹாஸ் வாதாடாமல் விலகியது. 2006ல் ஒருதலையாகத் தீர்ப்பு: 1 கோடியே 17 லட்சம் டாலர் கொடு! அவர்கள் டொமைன் பெயரையே முடக்கவேண்டும் என்றும் கேட்டார்கள், நீதிபதி மறுத்துவிட்டார். மேல்முறையீட்டில் தொகை 2010ல் 27,002 டாலர் ஆனது. 2011ல் இன்னொரு மேல்முறையீடு. இறுதித் தொகை 3 டாலர். எழுத்துப்பிழை இல்லைங்க, மூணே டாலர்.

ஸ்பாம்ஹாஸும் புனிதர் இல்லை. 2007ல் ஆஸ்திரியாவின் டொமைன் பதிவகமான நிக் ஏடியையே பட்டியலில் போட்டது. வங்கி மோசடிக்குப் பயன்பட்ட டொமைன்களை நீக்கு என்றார்கள், எங்கள் நாட்டுச் சட்டம் இடம் தரவில்லை என்றது பதிவகம். சில நாளில் இறங்கி வந்தார்கள். ஒரு தனியார் அமைப்பு ஒரு நாட்டின் பதிவகத்தை மிரட்டிப் பார்க்கலாம் என்ற அளவுக்குப் பலம்.

2013 மார்ச்சில் அவர்கள் மேல் விழுந்த தாக்குதல் அதுவரை பார்த்தவற்றில் மிகப்பெரியது. நெதர்லாந்தில் பழைய நேட்டோ பதுங்குகுழியில் ஆரம்பித்த சைபர்பங்கர் என்ற ஹோஸ்டிங் கம்பெனியைப் பட்டியலில் போட்டதுதான் தகராறு. உச்சத்தில் விநாடிக்கு 300 கிகாபிட். கிளவுட்ஃபிளேர் தாங்கிப் பிடித்தது. கைதானவர்களில் ஒருவன் 16 வயது லண்டன் பையன். 240 மணி நேர சமூக சேவை தண்டனை. தாக்கிய முறை இன்னும் சுவாரசியம்: யார் கேட்டாலும் பதில் சொல்லும் டிஎன்எஸ் சர்வர்களிடம் ஸ்பாம்ஹாஸ் பெயரில் பொய்யாகக் கேள்வி அனுப்பி, பெரிய பதில்களை அங்கே கொட்ட வைத்தார்கள். ஓப்பன் ரிலேயின் ஒன்றுவிட்ட தம்பி! அதே திறந்த கதவு, அதே கண்டக்டர்.

கடைசியாக, அந்த எண். லேபில் எந்த டெஸ்ட் ஓட்டினாலும் கூடவே இரண்டு கன்ட்ரோல் வைப்போம். ஒன்று கட்டாயம் பாசிட்டிவ் காட்டணும், இன்னொன்று கட்டாயம் நெகட்டிவ் காட்டணும். இரண்டும் பாசிட்டிவ் என்றால் கிட் கெட்டுப்போச்சு, அன்றைக்கு எந்த ரிசல்ட்டும் கொடுக்கமாட்டோம். 2010ல் தடைப்பட்டியல்களுக்கான விதிமுறை எழுத்தில் வந்தபோது இதையே வைத்தார்கள். எந்தப் பட்டியலிலும் 127.0.0.2 கட்டாயம் இருக்கணும். 127.0.0.1 கட்டாயம் இருக்கக்கூடாது. சர்வர் அவ்வப்போது இந்த இரண்டையும் கேட்டுப் பார்த்தால் போதும். 127.0.0.1க்கும் "ஸ்பேமர்" என்று பதில் வந்தால் பட்டியல் செத்துவிட்டது, கேட்பதை நிறுத்து. எங்க சர்வர் 2008ல் இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் போதும். கேட்கச் சொல்லி யாரும் அதற்குச் சொல்லித்தரவில்லை.

தம்பி இப்போ வேறு ஊரில் பெரிய கம்பெனியில் இருக்கிறான். சார்ப்ஸ் என்ற பட்டியல் இருபது வருஷத்துக்கு மேல் ஓடி, 2024 ஜூனில் மூடப்பட்டது. உலகத்தையே ஸ்பேமர் ஆக்காமல், பட்டியலைக் காலியாக்கி வைத்துவிட்டுப் போனார்கள். அன்று எனக்கு அவனிடமிருந்து ஒரு மெசேஜ்: "சார், சார்ப்ஸ் போயிடுச்சு. இந்தத் தடவை யாரோட மெயிலும் திரும்பல."